காய்ச்சல் வந்தா திரும்பத் திரும்ப ஃபிட்ஸ் வர்ற குழந்தைக்கு எந்த மருந்து, எப்போ, எவ்வளவு: புதுசா இதுக்குள்ள வந்திருக்கற பெத்தவங்களுக்கு

முதல் தடவை ஃபிட்ஸ் வந்தப்போ டாக்டர் "காய்ச்சல் வலிப்புதான், வளர வளர போயிடும்"னு சொல்லி அனுப்பியிருப்பார். ரெண்டாவது தடவையும் வந்ததுக்கப்புறம் கையில ஒரு மருந்துச் சீட்டு இருக்கும், அதுல மூக்குல அடிக்கற ஒரு ஸ்ப்ரே, ஒரு சின்ன மாத்திரை, ஒரு காய்ச்சல் சிரப்னு எழுதியிருக்கும், ஆனா எதை எப்போ குடுக்கணும், எதை தினமும் குடுக்கணும், எது அவசரத்துக்கு மட்டும்னு வீட்டுல யார்கிட்ட கேட்டாலும் ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. அந்த நிலைமைல இருக்கறவங்களுக்காகத்தான் இது. என் பையனுக்கும் சின்ன வயசுல இது திரும்பத் திரும்ப வந்துச்சு, இப்ப பெரிய கிளாஸ் படிக்கறான், நல்லா இருக்கான். நான் டாக்டர் இல்ல, அதனால கீழ சொல்ற அளவெல்லாம் நீங்க சீட்டைப் புரிஞ்சு படிக்கறதுக்குத்தான், அதைப் பாத்து நீங்களா மருந்து வாங்கிக் குடுக்கறதுக்கு இல்ல.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணை மனசுல வாங்கிக்கோங்க. சீட்டுல இருக்கற ஒவ்வொரு மருந்துக்கும் வேலை வேற வேற. ஒண்ணு வந்துட்ட ஃபிட்ஸை நிறுத்தறதுக்கு. இன்னொண்ணு காய்ச்சல் இருக்கற ரெண்டு மூணு நாளைக்கு மட்டும், வராம தடுக்கறதுக்கு. தினமும் குடுக்கற வகைனு ஒண்ணு இருக்கு, அது ரொம்ப கம்மி பேருக்குத்தான் தேவைப்படும். காய்ச்சல் சிரப் இந்த மூணுலயுமே சேராது. இதைக் குழப்பிக்கறதாலதான் பாதி பிரச்சனை வருது.

முதல்ல, இது காய்ச்சல் வலிப்புதானான்னு உறுதி பண்ணிக்கோங்க

6 மாசத்துலேர்ந்து 5 வயசுக்குள்ள, 38 டிகிரி செல்சியஸ், அதாவது நம்ம தெர்மாமீட்டர்ல 100.4க்கு மேல காய்ச்சலோட வர்றது, மூளைக்காய்ச்சல் மாதிரி வேற காரணம் எதுவும் இல்லாதது, இதுதான் காய்ச்சல் வலிப்பு. 100 குழந்தைல 2லேர்ந்து 5 பேருக்கு வருது, அதனால உங்க வீட்டுல மட்டும் நடக்கற அதிசயம் இல்ல, யாரோட கண்ணும் பட்டு வந்ததும் இல்ல. உடம்பு முழுக்க உதறி, 15 நிமிஷத்துக்குள்ள நின்னு, 24 மணி நேரத்துக்குள்ள மறுபடி வராம இருந்தா சாதாரண வகை. ஒரு பக்கம் கை கால் மட்டும் இழுத்தா, 15 நிமிஷத்துக்கு மேல போனா, இல்ல ஒரே நாள்ல ரெண்டு தடவை வந்தா அது சிக்கலான வகை. எந்த வகைன்னு டாக்டர் வாயால கேட்டு எழுதி வச்சுக்கோங்க, மருந்து முடிவு எல்லாம் இதுல இருந்துதான் ஆரம்பிக்குது.

திரும்ப வருமான்னு கேட்டா, மொத்தத்துல மூணு குழந்தைல ஒருத்தருக்கு வரும். முதல் ஃபிட்ஸ் 1 வயசுக்குள்ள வந்திருந்தா பாதிக்குப் பாதி வாய்ப்பு. கூடப் பிறந்தவங்களுக்கோ அப்பா அம்மாவுக்கோ சின்ன வயசுல இருந்திருந்தா, காய்ச்சல் கம்மியா இருக்கும்போதே வந்திருந்தா, காய்ச்சல் ஆரம்பிச்ச ஒரு மணி நேரத்துக்குள்ளயே வந்திருந்தா, திரும்ப வர்றதுக்கான வாய்ப்பு கூடும். வீட்டுப் பெரியவங்ககிட்ட "உங்க பையனுக்கு சின்னதுல ஜன்னி வந்துச்சா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க, பல வீட்டுல அப்பதான் கதை வெளிய வரும்.

சாதாரண வகைன்னா இ.இ.ஜி. (மூளையோட மின் அலையைப் பதிவு பண்ற பரிசோதனை), சி.டி. ஸ்கேன் எதுவும் தேவையில்ல. இதை நான் அழுத்திச் சொல்றேன், ஏன்னா பயத்துல நாமளே போய் எடுத்துடறோம், காசு போறது ஒரு பக்கம், இ.இ.ஜி.ல ஏதோ சின்ன மாற்றம் தெரிஞ்சுட்டா அதை வச்சு தேவையில்லாம வருஷக்கணக்குல மருந்து ஓட ஆரம்பிச்சுடும். அதுக்குப் பதிலா ரத்தத்துல இரும்புச் சத்து எப்படி இருக்குன்னு பாக்கச் சொல்லுங்க. இரும்புச் சத்து கம்மியா இருக்கற குழந்தைகளுக்கு காய்ச்சல் வலிப்பு கூடுதலா வருதுன்னு பல ஆய்வுல பாத்திருக்காங்க, கம்மியா இருந்தா அதைச் சரி பண்றது எப்படியும் நல்லதுதான்.

ஃபிட்ஸ் வந்த நேரத்துல செய்ய வேண்டியது

குழந்தையை தரைலயோ பாய்லயோ ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில இருக்கற எச்சில், வாந்தி தானா வெளிய வழியட்டும். உடனே மணி பாருங்க, ஏன்னா அந்த நேரத்துல ஒரு நிமிஷம் பத்து நிமிஷம் மாதிரி தோணும், மணி பாக்காம "ரொம்ப நேரம் இருந்துச்சு"ன்னு டாக்டர்கிட்ட சொன்னா அதுவே வைத்தியத்தை மாத்திடும். வாய்க்குள்ள ஸ்பூன், துணி, விரல் எதுவும் வைக்காதீங்க. கையில சாவிக்கொத்தோ இரும்போ குடுக்கறதால ஃபிட்ஸ் நிக்காது, பெரும்பாலான ஃபிட்ஸ் ரெண்டு மூணு நிமிஷத்துல தானாவே நிக்கும், சாவி குடுத்த நேரமும் அது நின்ன நேரமும் ஒண்ணா அமைஞ்சு போகுது அவ்வளவுதான். தண்ணியோ சிரப்போ ஊத்தவே கூடாது, நுரையீரலுக்குப் போயிடும். பக்கத்துல இன்னொருத்தர் இருந்தா போன்ல வீடியோ எடுக்கச் சொல்லுங்க, மனசு கேக்காதுதான், ஆனா ஒரு பக்கமா ரெண்டு பக்கமான்னு டாக்டருக்கு அந்த வீடியோ சொல்ற மாதிரி நம்மால சொல்ல முடியாது.

5 நிமிஷம் ஆயும் நிக்கலன்னா அப்பதான் அவசர மருந்து. நம்ம ஊர்ல இப்ப பெரும்பாலும் மிடாசோலம் மூக்கு ஸ்ப்ரேதான் எழுதறாங்க. வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு 0.2 எம்ஜி. 10 கிலோ குழந்தைன்னா 2 எம்ஜி. இதுல கவனமா இருக்க வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு: எல்லா ஸ்ப்ரேயும் ஒரே வீரியம் கிடையாது, சிலதுல ஒரு தடவை அழுத்தினா 0.5 எம்ஜி வரும், சிலதுல 1.25 எம்ஜி வரும். 0.5 ஸ்ப்ரேல அந்த 10 கிலோ குழந்தைக்கு மொத்தம் 4 அழுத்து, ஒரு மூக்குல 2, இன்னொரு மூக்குல 2. அதே 4 அழுத்தை 1.25 ஸ்ப்ரேல அடிச்சா 5 எம்ஜி போயிடும், ரெண்டு மடங்குக்கும் மேல. அதனால கடைக்காரர் "அது இல்ல, இதுவும் அதேதான்"னு வேற கம்பெனி குடுத்தா டாக்டர்கிட்ட கேக்காம எண்ணிக்கையை அப்படியே வச்சுக்காதீங்க. சீட்டுல எம்ஜி மட்டும் போதாது, "இந்த ஸ்ப்ரே, ஒரு மூக்குக்கு இத்தனை அழுத்து"ன்னு எழுதி வாங்குங்க.

புது பாட்டிலை முதல் தடவை எடுக்கும்போது மெல்லிசா புகை மாதிரி வர்ற வரைக்கும் காத்துல ரெண்டு மூணு தடவை அழுத்திப் பாக்கணும், இல்லன்னா முதல் அழுத்துல வெறும் காத்துதான் போகும். இதை டாக்டர் ரூம்லயோ நர்ஸ் முன்னாடியோ ஒரு தடவை செஞ்சு பாத்துடுங்க, கை நடுங்கற நேரத்துல முதல் முதலா கத்துக்க முடியாது. வீட்டுல ஒரு டோஸ்தான். அதுக்கும் நிக்கலன்னா மறுபடி அடிக்கறது டாக்டர் முன்னாடியே சொல்லி வச்சிருந்தா மட்டும்தான், ஏன்னா இந்த மருந்து கூடிப் போனா மூச்சு மந்தமாகும். ஸ்ப்ரே அடிச்ச கையோட 108ஐக் கூப்பிட்டுடுங்க, நின்னாலும் சரி நிக்கலன்னாலும் சரி, குழந்தை எப்படி மூச்சு விடுதுன்னு பாத்துக்கிட்டே இருங்க.

சிலருக்கு ஆசனவாய் வழியா குடுக்கற டயாசிபாம் எழுதியிருப்பாங்க, கிலோவுக்கு 0.5 எம்ஜி. அதுவும் நல்லாவே வேலை செய்யும், ஆனா பஸ்லயோ கல்யாண மண்டபத்துலயோ குடுக்கறது கஷ்டம், அதனால மூக்கு ஸ்ப்ரே கிடைச்சா அதுதான் சௌகரியம்னு நான் நினைக்கறேன்.

5 நிமிஷத்துக்குள்ள தானா நின்னுட்டா ஸ்ப்ரே வேண்டாம். "எதுக்கும் இருக்கட்டும்"னு நின்ன பிறகு அடிக்காதீங்க.

காய்ச்சல் நாளுக்கு மட்டும் குடுக்கற மாத்திரை

இதுதான் அதிகமா குழப்பற மருந்து. பேர் குளோபாசம், கடைல ஃபிரிசியம்னு கேட்டா தெரியும், வேற பேர்லயும் வருது. திரும்பத் திரும்ப ஃபிட்ஸ் வர்ற குழந்தைகளுக்கு, உதாரணத்துக்கு 6 மாசத்துல 3 தடவை இல்ல வருஷத்துல 4 தடவைன்னு வந்தா, இல்ல நீளமான சிக்கலான வகை வந்திருந்தா, இல்ல ஆஸ்பத்திரி ரொம்ப தூரத்துல இருக்கற ஊர்னா, டாக்டர் இதைப் பத்திப் பேசுவார். ஒரே ஒரு தடவை சாதாரண ஃபிட்ஸ் வந்த குழந்தைக்கு இது வழக்கமா தேவைப்படாது.

அளவு வழக்கமா ஒரு நாளைக்கு கிலோவுக்கு 0.75லேர்ந்து 1 எம்ஜி வரைக்கும், அதை ரெண்டாப் பிரிச்சு காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, 2 இல்ல 3 நாள். 10 கிலோ குழந்தைன்னா 5 எம்ஜி மாத்திரை காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணுக்குள்ள அடங்கிடும். காய்ச்சல் தொட்டுப் பாத்து தெரிஞ்ச உடனே ஆரம்பிக்கணும், சாயந்தரம் பாப்போம்னு தள்ளிப் போட்டா பிரயோஜனம் இல்ல, ஏன்னா காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள்ளயே வந்துடும். மூணு நாள் முடிஞ்சதும் நிறுத்திடலாம், இவ்வளவு குறைஞ்ச நாளுக்கு படிப்படியா குறைக்கத் தேவையில்ல. காய்ச்சல் இல்லாத சளி இருமலுக்கு இதைக் குடுக்காதீங்க.

குடுத்தா குழந்தை தூங்கி வழியும், நடக்கும்போது தள்ளாடும், எச்சில் ஒழுகும், சில குழந்தைங்க ரொம்ப அடம் பிடிக்கும். படிக்கட்டு, கட்டில் பக்கம் தனியா விடாதீங்க. இன்னொரு விஷயம், இதைத்தான் நான் எல்லா அம்மாக்கள்கிட்டயும் திரும்பத் திரும்பச் சொல்றேன்: மூளைக்காய்ச்சல் வந்தாலும் குழந்தை சோர்ந்து தூங்கும், மாத்திரைனாலயும் தூங்கும், ரெண்டுக்கும் வித்தியாசம் வீட்டுல கண்டுபிடிக்கறது கஷ்டம். எழுப்பினா கண்ணைத் திறந்து உங்களை அடையாளம் தெரிஞ்சு பாக்குதா, பால் குடிக்குதா, கழுத்தை வளைக்க விடுதான்னு பாருங்க. சந்தேகம் வந்தா மாத்திரை மயக்கம்தான்னு நீங்களே முடிவு பண்ணாம கூட்டிட்டுப் போங்க.

இதைக் குடுத்தும் ஃபிட்ஸ் வரலாமான்னு கேட்டா, வரலாம். சில குழந்தைகளுக்கு ஃபிட்ஸ் வந்த பிறகுதான் காய்ச்சலே இருக்குன்னு தெரியவரும், அங்க மாத்திரை குடுக்க நேரமே இருக்காது. அப்படி நடந்தா தாய் மேல தப்பு சொல்ற வழக்கம் நம்ம வீடுகள்ல இருக்கு, தயவுசெஞ்சு அதை நிறுத்துங்க. இந்த வகைல ரொம்ப நாளா புழக்கத்துல இருந்தது வாய் வழி டயாசிபாம்தான். அமெரிக்காவுல 1993ல வந்த ஒரு பெரிய ஆய்வுல காய்ச்சல் நேரத்துல 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை அதைக் குடுத்து, திரும்ப வர்றது 44 சதவீதம் குறைஞ்சதுன்னு பாத்தாங்க, ஆனா மூணுல ஒரு குழந்தைக்கு மேல தள்ளாட்டம், மந்தம், எரிச்சல்னு வந்துச்சு. குளோபாசம்ல மந்தம் கொஞ்சம் கம்மிங்கறதாலதான் இங்க அதை விரும்பறாங்க. முழுசா தடுக்கற மருந்து எதுவும் இல்ல, குறைக்கற மருந்துதான் இருக்கு.

அதே மாதிரி இந்த மாத்திரை குடுத்தா பிற்காலத்துல கால்கை வலிப்பு வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இது இப்ப வர்ற ஃபிட்ஸைக் குறைக்கும், பின்னாடி வர்றதை மாத்தாது. சாதாரண காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைல மிகப் பெரும்பாலானவங்களுக்கு பின்னாடி எதுவும் வர்றதும் இல்ல, படிப்பும் கெடறதில்ல.

தினமும் குடுக்கற மருந்து பத்தி

ஃபீனோபார்பிடோன், வால்ப்ரோயேட்னு ரெண்டு. ரெண்டுமே ஃபிட்ஸ் திரும்ப வர்றதைக் குறைக்கும்னு ஆய்வுகள் சொன்னாலும், சாதாரண காய்ச்சல் வலிப்புக்கு இதை தினமும் குடுக்க வேண்டாம்னுதான் அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கம் 2008ல வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்லுது. காரணம் பக்கவிளைவு. 1990ல வந்த ஒரு ஆய்வுல ரெண்டு வருஷம் ஃபீனோபார்பிடோன் குடுத்த குழந்தைகளோட அறிவுத்திறன் மதிப்பெண், மருந்தில்லாத மாத்திரை குடுத்தவங்களைவிட சராசரியா 8 புள்ளி கம்மியா இருந்துச்சு. நடத்தைலயும் மாற்றம் வரும், ஓடிக்கிட்டே இருக்கும், தூக்கம் கெடும். வால்ப்ரோயேட் 2 வயசுக்குக் கீழ குழந்தைகளுக்கு கல்லீரலைத் தாக்கற அபாயம் இருக்கு, அரிதுதான், ஆனா வந்தா ரொம்ப மோசம்.

ஃபெனிடாயின், கார்பமசெபைன்னு இன்னும் ரெண்டு வலிப்பு மருந்து இருக்கு, ரெண்டும் காய்ச்சல் வலிப்பைத் தடுக்கறதுக்குப் பயன்படாது. உங்க சீட்டுல தினசரி மருந்து ஏதாவது இருந்தா பயந்து நீங்களா நிறுத்தாதீங்க, திடீர்னு நிறுத்தினாலே ஃபிட்ஸ் வரும். "என் குழந்தைக்கு ஏன் தினமும் தேவை, எத்தனை மாசம், எப்ப குறைப்பீங்க"ன்னு நேரா கேளுங்க. அரை மணி நேரம் வரைக்கும் நீண்ட ஃபிட்ஸ், வளர்ச்சில பின்தங்கல், காய்ச்சல் நாள் மாத்திரை குடுத்தும் அடிக்கடி வர்றது, இப்படி காரணம் இருந்தா டாக்டரே விளக்குவார். விளக்கம் திருப்தியா இல்லன்னா குழந்தை நரம்பியல் டாக்டர் ஒருத்தரைப் பாக்கறதுல தப்பே இல்ல.

காய்ச்சல் சிரப்

பாராசிட்டமால் குடுத்து காய்ச்சலை இறக்கிட்டா ஃபிட்ஸ் வராதுன்னுதான் எல்லாரும் நம்பறோம். ஃபின்லாந்துல 2009ல வெளிவந்த ஆய்வுல பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் மூணையும் குடுத்துப் பாத்தும் ஃபிட்ஸ் திரும்ப வர்றதைத் தடுக்க முடியல. அதனால ராத்திரி முழுக்க முழிச்சு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை தூங்கற குழந்தையை எழுப்பி சிரப் ஊத்தத் தேவையில்ல. உடம்பு வலி குறைஞ்சு குழந்தை கொஞ்சம் தெம்பா இருக்கறதுக்கு குடுங்க, அது போதும்.

அளவு கிலோவுக்கு 15 எம்ஜி, 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல வேண்டாம். பாட்டில் பாத்து குடுங்க: 5 எம்எல்ல 120 எம்ஜி இருக்கறதும் உண்டு, 250 எம்ஜி இருக்கறதும் உண்டு, சொட்டு மருந்துல ஒரு எம்எல்லயே 100 எம்ஜி. 10 கிலோ குழந்தைக்கு 150 எம்ஜின்னா முதல் சிரப்ல சுமார் 6 எம்எல், ரெண்டாவதுல 3 எம்எல். சளி மருந்துலயும் பாராசிட்டமால் கலந்திருக்கும், ரெண்டும் சேர்ந்தா அளவு கூடிடும். டெங்கு சீசன்ல ஐபுப்ரோஃபென், மெஃப்டால் (மெஃபனமிக் ஆசிட்) பக்கம் டாக்டர் சொல்லாம போகாதீங்க, ரத்தக் கசிவு அபாயம் இருக்கு. ஐஸ் தண்ணி ஒத்தடம் வேண்டாம், குளிர்ல நடுங்கி குழந்தைக்கு அவஸ்தைதான் மிச்சம்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரம்

5 நிமிஷம் தாண்டினா, உதடு நீலமா மாறினா, 24 மணி நேரத்துக்குள்ள ரெண்டாவது வந்தா, ஒரு பக்கம் மட்டும் இழுத்தா, நின்னு ஒரு மணி நேரம் ஆயும் முழு நினைவு வரலன்னா, கழுத்து விறைச்சா, உச்சிக்குழி புடைச்சா, விடாம வாந்தி எடுத்தா, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளி உடம்புல வந்தா. காய்ச்சலே இல்லாம வந்தாலும் காட்டணும். 6 மாசத்துக்குக் கீழ குழந்தைக்கு வந்தா அதை காய்ச்சல் வலிப்புன்னு வீட்டுல வச்சுப் பாக்கவே கூடாது.

ஒரு வயசுக்குள்ள ஆரம்பிச்சு, லேசான சூட்டுக்கே, ஏன் சுடுதண்ணி குளியலுக்கே கூட, நீண்ட நேரம் ஒரு பக்கமா இழுத்து, ஒரு தடவை வலது பக்கம் அடுத்த தடவை இடது பக்கம்னு வந்தா, டிராவே சிண்ட்ரோம்னு ஒரு அரிய மரபணு நோய் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. அதுல மேல சொன்ன ஃபெனிடாயின், கார்பமசெபைன் மாதிரி மருந்துகள் ஃபிட்ஸை இன்னும் அதிகமாக்கிடலாம், அதனால சீக்கிரம் கண்டுபிடிக்கறது முக்கியம்.

தடுப்பூசி, பள்ளிக்கூடம், பை

தடுப்பூசியை நிறுத்தாதீங்க. முத்தடுப்பு ஊசி போட்ட ஓரிரு நாள்லயும், தட்டம்மை ஊசி போட்டு ஒண்ணு ரெண்டு வாரத்துலயும் காய்ச்சல் வரலாம், அதோட ஃபிட்ஸும் வரலாம், ஆனா தட்டம்மையே வந்தா அதைவிட எவ்வளவோ மோசம். எந்த நாள்ல கவனமா இருக்கணும், மாத்திரை ஆரம்பிக்கணுமான்னு ஊசி போடறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

ஸ்ப்ரே, மாத்திரை, தெர்மாமீட்டர், டாக்டர் சீட்டு நகல், இது நாலும் ஒரே சின்னப் பைல, குழந்தை எங்க போனாலும் கூடவே போகணும், பாட்டி வீட்டுக்கும் சேர்த்துத்தான். ஒரு வெள்ளைத்தாள்ல தமிழ்ல பெருசா எழுதி ஒட்டுங்க: ஒருக்களிச்சுப் படுக்க வை, மணி பார், 5 நிமிஷம் தாண்டினா ஸ்ப்ரே ஒரு மூக்குல இத்தனை அழுத்து, 108. அங்கன்வாடி டீச்சர், ஆயா, மாமனார் மாமியார் எல்லாருக்கும் ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. மருந்து தேதி முடிஞ்சதான்னு அப்பப்ப பாருங்க. குழந்தை எடை ஏற ஏற அளவு பத்தாம போகும், 8 கிலோல எழுதினதை 13 கிலோல குடுத்தா வேலை செய்யாது, ஒவ்வொரு தடவை டாக்டரைப் பாக்கும்போதும் எடை போட்டு புது அளவு எழுதி வாங்கி அந்தத் தாளையும் மாத்திடுங்க.

5 வயசை நெருங்கும்போது காய்ச்சல் வந்தும் ஃபிட்ஸ் வராம போக ஆரம்பிக்கும், அப்ப மாத்திரையை நிறுத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, ஸ்ப்ரேயை இன்னும் கொஞ்ச நாள் வச்சிருக்கச் சொல்வாங்க. 6 வயசு தாண்டியும் காய்ச்சல்ல ஃபிட்ஸ் வந்துக்கிட்டே இருந்தா பழைய சீட்டையே ஓட்டாம குழந்தை நரம்பியல் டாக்டர்கிட்ட முதல்லேர்ந்து பாக்கச் சொல்லணும், அந்தப் பழைய வீடியோ, ஒவ்வொரு தடவையும் எத்தனை நிமிஷம்னு எழுதி வச்ச நோட்டு ரெண்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க.